டப்பாவுக்கு அடியில் ஒரு டம்பெல்

மாஸ்டருக்குக் கழுத்து முதல் கெண்டைக்கால் வரை எல்லாம் உறுதி. வயிறு மட்டும் எரியும். அஜீரணம் கிஜீரணம் என்று நினைத்துவிடாதீர்கள், சாப்பாட்டு விஷயத்தில் அவர் கறாரான ஆள். அடுத்தவன் நன்றாயிருந்தால் எரிகிற வயிறு அது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனின் கையெழுத்தைப் பார்த்து எரிந்தது. பளுதூக்கும் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவதாக வந்தபோது, முதலாவதாக வந்தவனின் முன்னங்கையைப் பார்த்து எரிந்தது. அந்த முன்னங்கைக்காரன் பிற்பாடு ஆபீஸ் வேலைக்குப் போய்த் தொப்பை போட்டான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. நாற்பத்தைந்து வயதில் மறுபடி பற்றிக்கொண்டது. இந்தத் தடவை பற்றவைத்தவர் அவருடைய சகலை.

சகலைக்கு முன்னால் மாஸ்டரின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அவர் செய்த கூத்து புரியாது.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் ஜிம். படி ஏறும்போதே ரப்பர் வாசனை வரும். பாதி கீழேயிருந்து, பாதி மேலே விரித்திருக்கும் பாய்களிலிருந்து. முதலாளி மாதத்துக்கு ஒரு முறை வருவார், ஏ.சி. ஓடினால் அணைப்பார், போய்விடுவார். மற்றதெல்லாம் மாஸ்டர். காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவதும் அவர்தான், பெஞ்சில் தையல் விட்டால் ஊசியெடுத்துத் தைப்பதும் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக இதே சாவிக்கொத்து, அவர் இடுப்பிலேயே.

கண்ணாடிக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி. ஜிம்முக்கு வருகிறவர்களின் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள் அதில் இருக்கும். வீட்டில் வைத்தால் இவ்வளவு விலையா என்று கேள்வி வருமாம், அதனால் இங்கேயே வைத்துக் கலக்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். எல்லாம் ஒரே கம்பெனியின் கறுப்பு டப்பா. ஒரு முறை இரண்டு பேருக்கு டப்பா மாறிப்போய், எனக்கு நாலு கரண்டி குறைகிறது என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு மாஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புது டப்பாவை அவர் கையால்தான் பிரிக்க வேண்டும். ஹோலோகிராமைச் சுரண்டி, எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்ப்பார். பிறகு டப்பாவைக் கவிழ்த்து, அடிப்பக்க வளையத்துக்குள் ஆளின் பட்டப்பெயரையும் திறந்த தேதியையும் மார்க்கரால் எழுதுவார். பக்கத்தில் குட்டியாக ஒரு டம்பெல் வரைவார். அவசரத்தில் வரைவதால் இடது குண்டு பெரிதாகவும் வலது குண்டு சிறிதாகவும் விழும். லேபிளில் எழுதினால் வியர்வைக் கை பட்டு அழியும், அடியில் எழுதினால் நிற்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. காலியான தேதியை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்.

காலி டப்பாக்களை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். செடிக்காரர் என்று பெயர். நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாராம், டப்பாவில் மண் போட்டு நாற்று வளர்ப்பாராம். மூடியோடு வேண்டும், லேபிள் கிழியக் கூடாது, லேபிள் இருந்தால் வேருக்கு வெயில் படாது என்பார். மாஸ்டர் அதையும் நம்பினார். துடைத்து, மூடி போட்டு, அடுக்கியே கொடுப்பார். செடிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த ரோஜாச் செடி ஒன்று ஜிம் ஜன்னலில் இருந்தது. நம்மால் எங்கேயோ நாலு செடி வளர்கிறது என்று மாஸ்டருக்குப் பெருமை வேறு.

இனி சகலை. மாஸ்டரின் மனைவியினுடைய தங்கையைக் கட்டியவர். மாமியார் வீட்டில் மாஸ்டர் பெரியவர், இவர் சின்னவர். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் கிடங்குப் பொறுப்பு. ஆளைப் பார்த்தால் சட்டைப் பொத்தான்களுக்காகப் பரிதாபப்படத் தோன்றும், அவ்வளவு தொப்பை. ஒரு மூன்று கிலோ டம்பெல்லைக்கூட வாழ்க்கையில் தூக்கியதில்லை. ஆனால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலேயே பதினைந்து வருடம் இருந்ததால் எது அசல் அச்சு, எது போலி அச்சு என்று கண் பழகியிருந்தது. ஒரு நாள் தெரிந்தவர் யாரோ வாங்கிய புரோட்டீன் டப்பாவைப் பார்த்து, இதில் எழுத்து தடித்திருக்கிறது, போலி என்று சொல்லி, அதையே கைபேசியில் வீடியோவாக எடுத்துப் போட்டார். விதி அங்கேதான் மாஸ்டரின் வயிற்றில் தீக்குச்சி கிழித்தது.

வீடியோ ஓடு ஓடு என்று ஓடியது. சின்னவர் வாராவாரம் ஒன்று போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் “மொதல்ல சீல் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க” என்றுதான் தொடங்குவார், அதனால் சீல் அண்ணன் என்று பெயர் விழுந்தது. ஜனங்கள் சந்தேகப்பட்ட டப்பாக்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவர் பிரித்து மேய்ந்தார். அவர் வீடியோவைக் காட்டி ஜனங்கள் சண்டை போட்டதில் இரண்டு கடைகள் போலிச் சரக்கைத் திருப்பி அனுப்பின. ஒரு கிடங்கில் அதிகாரிகளே போய்ப் பூட்டுப் போட்டார்கள். நல்ல காரியம்தான். நல்ல காரியம் என்பதுதான் மாஸ்டரைக் கொன்றது. கெட்ட காரியமாயிருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பார்.

பெஞ்சில் படுத்துப் பளு தூக்கிவிட்டு எழுந்திருக்கிற பையன்கள், மூச்சு வாங்குகிற அந்த ஒரு நிமிடத்தில் சீல் அண்ணனைப் பார்த்தார்கள். மாஸ்டர், அவர் உங்களுக்குச் சொந்தமாமே, ஒரு செல்ஃபி எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். மாஸ்டரோடு அல்ல, சின்னவரோடு. மாமியார் இன்னும் மோசம். பெரிய மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் இருபது வருடமாக ஏதோ இரும்புச் சாமான் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது ஹோலோகிராம் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு வகுப்பெடுத்தார். போன விருந்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி சின்னவருக்குப் போய்விட்டது. மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து, எனக்கு இதுதான் முதுகுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார். குனிந்து எழுகிற பயிற்சியை எப்படிச் சரியாகச் செய்வது என்று இருபத்தொரு நிமிட வீடியோ. கைபேசியைத் தரையில் சாய்த்து வைத்ததால் அவருடைய மோவாயும் டியூப்லைட்டும்தான் தெரிந்தன. பின்தொடர்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் இரண்டு பேர் அவர் மனைவியே.

ஆகவே மாஸ்டர் வேறு வேலையில் இறங்கினார். சின்னவரின் ஒவ்வொரு வீடியோவையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று. பார்த்துப் பார்த்து, சீல் அண்ணனின் தீவிர ரசிகர் இவர்தான் என்று கைபேசி முடிவு கட்டிவிட்டது. புது வீடியோ வந்தால் ஊரில் முதல் மணி இவர் பைக்குள்தான் அடிக்கும். ஒன்றரை வருடம் இப்படிக் கழிந்தது. ஒரு தப்புகூடச் சிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிக்கியது.

அந்த வீடியோவில் ஓர் ஓட்டக்காரப் பெண் வந்திருந்தாள். இருபது வயதிருக்கும். நானூறு மீட்டர் ஓடுகிறவள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி, ஓடத் தடை விழுந்திருந்தது. நான் எதுவும் தொடவில்லை, மைதானத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய இந்த ஒரு டப்பாவைத்தான் சாப்பிட்டேன் என்றாள். டப்பாவில் மிச்சமிருந்த பவுடரைச் சோதித்ததில் ஊக்கமருந்து இருந்தது உண்மை. ஆனால் திறந்த டப்பாதானே, நீயே கலந்திருக்கலாமே என்று தடகளச் சங்கம் கேட்டது. ஹோலோகிராமை அவள் பிரிக்கும்போதே கிழித்து எறிந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விசாரணை. டப்பா போலி என்று காட்டினால்தான் அவள் தப்ப முடியும்.

சின்னவர் டப்பாவைக் கையில் எடுத்தார். லேபிளின் ஒரு பக்கம் நிறம் வெளுத்திருக்கிறது பாருங்கள், இது மட்டமான மை, அசல் கம்பெனி இப்படி அச்சடிக்காது, டப்பாவே போலி என்று அடித்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே டப்பாவைச் சுற்றிக் காட்டினார். இரண்டே விநாடி அடிப்பக்கம் தெரிந்தது.

மாஸ்டர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

அடிப்பக்க வளையத்துக்குள் யாரோ துணியால் தேய்த்து அழித்த கறை. அழித்தவர் அவசரக்காரர், ஓரத்தில் மிச்சம் இருந்தது. மொட்டை என்று பாதி எழுத்து, ஒரு தேதி. பக்கத்தில் குட்டி டம்பெல். இடது குண்டு பெரிது, வலது குண்டு சிறிது.

மொட்டை என்பது அவருடைய ஜிம்முக்கு வருகிற லாரி மெக்கானிக். அந்த டப்பாவைப் பிரித்தது மாஸ்டர் கை. ஹோலோகிராம் சரிபார்த்தது மாஸ்டர். நிறம் வெளுத்ததா? வெளுக்காமல் என்ன செய்யும், மொட்டையின் டப்பா ஜன்னலோரத் தட்டில் நாலு மாதம் சாயங்கால வெயில் குடித்துக்கொண்டிருந்தது. அச்சும் சரி, மையும் சரி, டப்பா பத்தரை மாற்று அசல். சீல் அண்ணன் தன்னைப் பின்தொடர்கிற ஆறு லட்சம் பேருக்கு முன்னால் உளறியிருக்கிறார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மனிதனுக்கு ஒன்றரை வருடத்து எரிச்சல் ஒரே நிமிடத்தில் குளிர்ந்தால் மூளை வேலை செய்யாது. செய்திருந்தால், நம் ஜிம் டப்பா அந்தப் பெண் கைக்கு எப்படிப் போயிற்று என்று ஒரு கேள்வி கேட்டிருக்கும். அவர் கண்ணுக்கு டப்பா தெரிந்தது, சின்னவரின் மூக்கு தெரிந்தது, அந்த மூக்கு உடையப்போவது தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை வீடியோ போட்டார். இந்தத் தடவை மனைவியைக் கைபேசியைப் பிடிக்கச் சொன்னார், முகம் முழுதாக விழுந்தது. நோட்டைக் காட்டினார், தேதியைக் காட்டினார், இன்னொரு டப்பாவைக் கவிழ்த்து அதே கோணல் டம்பெல்லைக் காட்டினார். ஜன்னலையும் காட்டினார். “டப்பா அசல். நானே என் கையால பிரிச்சேன். தெரியாம பேசி ஒரு நல்ல கம்பெனி பேரக் கெடுக்காதீங்க” என்று முடித்தார்.

மதியத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சீல் அண்ணனுக்கே சீல் வைத்த மாஸ்டர் என்று எவனோ தலைப்புப் போட்டுப் பரப்பினான். பையன்கள் தோளில் தட்டினார்கள். முதலாளி வழக்கத்துக்கு மாறாகத் தானே போன் செய்தார். மாமியார் அழைத்து, சின்ன மாப்பிள்ளை பாவம், சாப்பிடவே இல்லையாம் என்றார். அதைக் கேட்டபோது மாஸ்டர் ரொம்ப வருத்தப்படுகிற குரலில் பேசினார். போனை வைத்துவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். இரண்டாவது இடத்துக்காரனாகவே வாழ்ந்துவிட்ட ஒருவர் ஒரே ஒரு நாள் முதலாவதாக நிற்கிறார், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மொட்டை வந்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “மாஸ்டர், வீடியோ சூப்பரு. ஒண்ணுதான் புரியல. அந்த டப்பாவ நான் காலி பண்ணிட்டேனே. அப்புறம் அந்தப் பொண்ணு என்னத்த சாப்பிட்டுச்சு?” என்றார்.

மாஸ்டர் எழுந்து அலமாரிக்குப் போனார்.

நோட்டைப் புரட்டினார். மொட்டை, காலியான தேதி, அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கு மறுவாரம் செடிக்காரர் வந்து எடுத்துப்போயிருக்கிறார். மூடியோடு. லேபிள் கிழியாமல். ஜன்னலில் ரோஜாச் செடி பூத்திருந்தது. இரண்டு வருடமாக எத்தனை டப்பாவைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினார், பாதியில் நோட்டை மூடிவிட்டார். டப்பா அசல்தான். அதற்குள் என்ன கண்றாவியை நிரப்பி, புது ஹோலோகிராம் ஒட்டி விற்றார்கள் என்பதுதான் விஷயம்.

மொட்டை விவரமான ஆள். மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிப் போய்விட்டார். ஜிம்மில் பிரித்த டப்பா கடைக்கு எப்படிப் போயிற்று என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை, எல்லாரும் சீல் அண்ணன் மூக்குடைந்ததைத்தான் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போய்விடும்.

அன்று சாயங்காலமே ஒரு பெண்மணி படி ஏறி வந்தார். சீருடை தைக்கும் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தார், தோள் பையிலிருந்து அளவு நாடா எட்டிப் பார்த்தது. ஓட்டக்காரப் பெண்ணின் அம்மா. மகளுக்கு டப்பா விற்ற கடைக்காரர் மாஸ்டரின் வீடியோவை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கத்தில் காட்டிவிட்டாராம். டப்பா அசல் என்று நிபுணரே சொல்கிறார், என் சரக்கில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். அந்த அம்மா சண்டை போட வரவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

“அந்த டப்பாவ நீங்கதானே பிரிச்சேன்னு சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

“அதுல நல்ல பவுடர்தான் இருந்துச்சா?”

“நல்லதுதான்.”

“அப்ப என் பொண்ணுதான் எதையோ கலந்து குடிச்சிருக்கா. அப்படித்தானே?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டுக்குப் போய் மகளைத் திட்டுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒரு நாள் டைம் கொடுங்கள் என்றார். அந்த அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு, சரிங்க சார் என்று படி இறங்கிப் போனார்.

மறுநாள் மாஸ்டர் சின்னவர் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் என்ன யோசித்தார் தெரியுமா? உண்மையைச் சொன்னால் வேலை போகும். போகட்டும், அது இரண்டாவது கவலை. காலி டப்பா கொடுத்த மாங்காய் மடையன் என்று ஊர் சிரிக்கும். அது மூன்றாவது. முதல் கவலை, கடைசியில் சின்னவர் ஜெயித்துவிடுவாரே என்பது. இதை நான் சொல்லவில்லை, பிற்பாடு அவரே மனைவியிடம் ஒத்துக்கொண்டார்.

சின்னவர் வீடியோ எடுக்கும் அறைக்குள் அவர் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. பெரிய ஸ்டுடியோவாக இருக்கும் என்று கற்பனை செய்து எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறார். அது சாமான் போட்டு வைக்கும் அறை. சுவரில் ஒரு படுக்கை விரிப்பைக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். துணி காயப்போடும் கம்பியில் விளக்கு. கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கொழுந்தியா. சின்னவர் மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. டப்பா விஷயத்துல தப்பு என்னுதுதான். நிறம் வெளுத்தத வெச்சு அவசரப்பட்டுட்டேன். மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட்டுடறேன். இதோட இந்த வேலையே வேண்டாம்னு இருக்கேன்” என்றார்.

மேசையில் எழுதி வைத்த தாள் இருந்தது. அடித்து அடித்துத் திருத்தி எழுதிய தாள்.

மாஸ்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றரை வருடம் எதற்கு ஏங்கினாரோ அது தட்டில் வைத்துக் கைக்கு வந்திருக்கிறது. அவர் எதுவும் செய்ய வேண்டாம், பேச வேண்டாம், காபி கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போனால் போதும். ஆறு லட்சம் பேருக்கு முன்னால் சின்னவர் தானே தலைகுனிந்து கடையைச் சாத்துவார். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலி திரும்பி வரும்.

கொழுந்தியா விரலைத் தூக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினாள். சின்னவர் தொண்டையைச் செருமினார். “வணக்கம். போன வீடியோவுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். எங்க அண்ணன் சொன்னதுதான் சரி...”

அந்த வரி முடிகிறவரை மாஸ்டர் குறுக்கே பேசவில்லை. எங்க அண்ணன் சொன்னதுதான் சரி. அதை முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு வரி, அவ்வளவு உரிமை தனக்கு இருக்கிறது என்று நினைத்தார். பிறகு கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க சகல. டப்பா அசல்தான். ஆனா அந்தப் பொண்ணு கைக்குப் போறப்ப அது காலி டப்பா. காலி டப்பாவ எடுத்துக் குடுத்தது நான்.”

கொழுந்தியா கைபேசியை இறக்கினாள். பிறகு சின்னவர், எத்தனை வருஷமாண்ணே என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றார் மாஸ்டர். கொழுந்தியா விளக்கை அணைக்கப் போனாள். வேண்டாம், எரியட்டும், என்னை எடு என்று மாஸ்டர் அந்தப் படுக்கை விரிப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நோட்டோடு வந்திருந்தார்.

ஆறு நிமிடம் பேசினார். மோவாய், டியூப்லைட் எதுவும் இல்லை, ஆள் மட்டும். செடிக்காரரைச் சொன்னார், ரோஜாச் செடியைச் சொன்னார், துடைத்து அடுக்கிக் கொடுத்ததைச் சொன்னார். நான் சகலை மேல் இருந்த காய்ச்சலில் டப்பாவைப் பார்த்தேன், உள்ளே என்ன என்று யோசிக்கவில்லை, அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்றார். கடைசியில், உங்கள் ஜிம்மில் காலி டப்பாவை யார் எடுத்துப் போகிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள், இனிமேல் ஆணியால் அடியில் ஓட்டை போடாமல் ஒரு டப்பாவும் வெளியே போகக் கூடாது என்றார்.

வீடியோவுக்குக் கீழே பதில்கள் கொட்டின. முதலில் திட்டு. பிறகு ஒரு ஜிம்காரர், எங்களிடமும் ஒருத்தர் வருகிறார், செடி வைக்க என்றுதான் சொன்னார் என்று எழுதினார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் நாற்பத்திரண்டு பேர். எல்லா ஜிம்மிலும் ஒரு ரோஜாச் செடி இருந்தது. ஒருவர் அந்தச் சரக்கு ஆட்டோவைப் படமே எடுத்து வைத்திருந்தார். வண்டி எண்ணை வைத்து அதிகாரிகள் போனபோது, கிடங்கில் கழுவிக் கவிழ்த்து வைத்த டப்பாக்கள் கூரை வரை இருந்தன. அங்கே ஒரு செடிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மாஸ்டர் நேரில் போய் நோட்டைக் காட்டினார். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணின் தடை நீங்கியது. மாஸ்டரின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தும் நீங்கியது. முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இன்னொருவர் ஷட்டர் தூக்குவதற்காக மாஸ்டர் வாசலில் காத்து நின்றார். வெறும் இடுப்பை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாமியார் வீட்டில் கதை வேறு மாதிரி ஓடியது. சின்ன மாப்பிள்ளைதான் பக்குவமாகப் பேசி இவரை உண்மையைச் சொல்ல வைத்தாராம். சின்னவரின் சேனலில் அதுவரை வந்ததிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த ஆறு நிமிடம்தான். ஆட்கள் எட்டு லட்சமாகிவிட்டார்கள். மாஸ்டருக்குத் திரும்ப எரிந்தது. திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் எரிந்தது.

நாலு மாதம் கழித்து ஜிம் முகவரிக்கு ஒரு பெட்டி வந்தது. அன்று பார்த்து சின்னவரும் அங்கே இருந்தார், டப்பாவில் ஓட்டை போடுவதைப் படம் எடுக்க வந்திருந்தார். மாஸ்டர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே கறுப்பு டப்பா ஒன்று, காலி. ஓட்டக்காரப் பெண் அனுப்பியது. கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஆணி ஓட்டை. வளையத்துக்குள் அவள் பெயர், திரும்ப ஓடிய முதல் பந்தயத்தின் தேதி, ஓடிய நேரம். பக்கத்தில் குட்டி டம்பெல். இடது குண்டு பெரிது, வலது குண்டு சிறிது. பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

சின்னவர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“வேற எதுவும் இல்லையாண்ணே? லெட்டர் மாதிரி? எங்க வீட்டுக்கு எதுவும் வரல. கூரியர்ல எங்கயாவது நின்னிருக்குமோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கன்னம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. மாஸ்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடம் ஜிம் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம். அது எங்கே தொடங்கும், எப்படிப் பரவும், எத்தனை நாள் எரியும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எரிந்துகொண்டே இருக்கும்.

“நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சகல அனுப்பிருக்கு. இந்த அட்ரஸ் ஒண்ணுதான் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் பாவம்” என்றார் மாஸ்டர்.

சின்னவரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். மாஸ்டர் மெதுவாகக் கையை நீட்டி, டப்பாவை மட்டும் அவரிடமிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.